திரும்பி வருவீங்களா?

மகள் மலர்க்கொடி ஜெர்மனியில் நர்ஸ். ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்து, வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படுக்கையில் விழுந்தாள். நோய் மருந்துக்குக் கேட்கவில்லை, இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். "அம்மா, ஒரு தடவ வந்து பக்கத்துல உக்காந்துட்டுப் போயேன்" என்றாள் போனில். அதைக் கேட்ட பிறகு காளியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

திருவாரூரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் மீரா உசேன்தான் விசாவுக்கு ஓடியாடினான். சுற்றிப் பார்க்கவோ சொந்தபந்தத்தைப் பார்க்கவோ போகிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு மேல் தரமாட்டார்கள். அதுவும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நம்பினால்தான். இதை அவன் விளக்கிச் சொன்னான். காளியம்மாளும் தலையை ஆட்டினாள்.

ஆட்டிவிட்டு என்ன செய்தாள் தெரியுமா? அவள் ஊரில் காசிக்குப் போகிறவர்கள் செய்வதைச் செய்தாள். கோழிகளை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனார் வீட்டுக்குப் போய், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்று கும்பிட்டாள். கடைசியில் நிலம். செத்துப்போன அவள் புருஷன் அந்தக் காலத்தில் பண்ணையாரோடு மல்லுக்கட்டி, போலீசிடம் அடிபட்டு, ஜெயிலுக்குப் போய், உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்த நிலம் அது. அதையும் மகன் வீரையன் பேருக்கு எழுதி வைத்துவிட்டாள். தூரதேசம் போகிறவள் எதையும் தன்னுடையது என்று வைத்துக்கொண்டு போகக் கூடாதாம். நல்ல புத்திதான், போங்கள்.

சென்னையில் விசா அதிகாரி, ஊரில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். பக்கத்திலிருந்த பெண் அதைத் தமிழில் சொன்னாள்.

"ஒண்ணும் இல்லீங்க. எல்லாத்தையும் குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாள் காளியம்மாள், பெருமையாக.

திரும்பி வருவார் என்ற நம்பிக்கை இல்லை என்று சொல்லி விசாவை மறுத்துவிட்டார்கள்.

மீரா உசேன் தலையில் அடித்துக்கொண்டான். வீரையன் தங்கமான பிள்ளை. மறுபேச்சு இல்லாமல் நிலத்தைத் திருப்பி எழுதிக் கொடுத்தான். மறுபடி மனுப் போட்டார்கள். அதற்குள் மலர்க்கொடியின் குரல் போனில் வெறும் காற்றாகியிருந்தது.

"இந்தத் தடவ ஒண்ணே ஒண்ணுதாம்மா. திரும்பி வருவீங்களான்னு கேப்பாங்க. வருவேன்னு சொல்லுங்க, போதும்" என்று சென்னை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான் மீரா உசேன். சரி சரி என்றாள் காளியம்மாள்.

அதிகாரி பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தார். அவர் முகம் இளகித்தான் இருந்தது. ஏதோ சொன்னார். அந்தப் பெண் காளியம்மாளிடம் திரும்பினாள்.

"மக எப்படி இருந்தாலும், விசா முடியறதுக்குள்ள திரும்பி வந்துடுவீங்களாம்மா?"

காளியம்மாள் வாயைத் திறந்தாள். சொல்லியிருக்கலாம். பாவி மகள், சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"பெத்த புள்ள உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கையில, விட்டுட்டு எப்படிங்க வருவேன்?" என்றாள்.

மறுவாரம் பாஸ்போர்ட் விசா இல்லாமல் திரும்பி வந்தது. மீரா உசேன் அதைக் கையில் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலோடு போய்விட்டான். அன்று சாயங்காலம் ஜெர்மனியிலிருந்து போன் வந்தது.

"விசா கெடச்சுதாம்மா?"

"கெடச்சிருச்சு கண்ணு."

"வந்துருவேல்ல?"

"வருவேன்" என்றாள் காளியம்மாள், வாய் கூசாமல்.