இருவருக்கு ஒரே தலையணை

“ஏழாவது நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில்…” என்று ஆரம்பித்தவளுக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. இருமல்தான் வந்தது. மைக்கை அணைக்கக் கை போவதற்குள் அது பேருந்து நிலையத்தின் எல்லா ஒலிபெருக்கியிலும் ஏறி, கடைசி நடைமேடை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கண்ணாடிக் கூண்டுக்குக் கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். ‘வண்டி இருமிக்கிட்டேதான் கிளம்பும் போல’ என்று ஒருவர் சொன்னதாக, டீ கொண்டு வந்தவர் பிறகு சொன்னார்.

மேற்பார்வையாளர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“லீவு போட்டுட்டுப் போம்மா. எல்லாம் பஸ் புகை. என் மூக்கைச் சிந்தினா கரியாத்தான் வருது.”

பஸ் புகை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முதலில் பார்த்த டாக்டரும் அதையே சொல்லி, மருந்தை உறிஞ்சும் குழல் ஒன்றைக் கொடுத்தார். அவளும் நம்பினாள். ஆனால் அந்தக் கூண்டில் உட்கார்ந்து ஊர் ஊராகப் பெயர் சொல்ல ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகின்றன. இந்த இருமல் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. விடியும்போது உடம்பு குளிரும், காய்ச்சல் அடிக்கும், நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தது போல மூச்சு முட்டும். மாலையானால் மெல்லத் தணியும். மறுநாள் விடிந்தால் பழைய கதைதான்.

லீவு போட்டாள். வீட்டோடு இருந்தால் சரியாகிவிடும் என்று கணவன் கட்டிலைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டான். அவன் மெத்தைக் கடை வைத்திருந்தான். பெரிய விடுதிகளுக்கு வாத்து இறகு அடைத்த தலையணையும் மெத்தையும் செய்து கொடுப்பது அவன் தொழில். கல்யாணத்துக்கு அவளுக்கென்று ஒரு தலையணை செய்தான். கட்டிலின் அகலத்துக்கு ஒரே தலையணை, இரண்டு தலைக்கும் சேர்த்து. இறகின் அடியில் முளைக்கும் மெல்லிய தூவியை மட்டும் அவனே உட்கார்ந்து பொறுக்கினான். விடுதிச் சரக்கைச் சுத்தத்துக்காக நீராவியில் வேகவைத்துத்தான் அடைப்பார்கள். நீராவி பட்டால் தூவி கொஞ்சம் சோர்ந்துவிடும் என்று, தன் மனைவிக்கு மட்டும் வேகவைக்காமல் வெயிலில் உலர்த்தி அடைத்தான். உறைக்குக்கூட நெருக்கமாக நெய்த துணியை விட்டுவிட்டுப் பூப்போன்ற மெல்லிய துணியைத் தேடி வாங்கினான்.

“தலை வச்சா இருக்கிறதே தெரியக் கூடாது மைக்,” என்பான். அவளுக்கு அவன் வைத்த பெயர் அதுதான்.

லீவு நாட்களில் அவள் பகலும் அந்தத் தலையணையிலேயே படுத்துக் கிடந்தாள். இருமல் குறையவில்லை. கூடியது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எழுந்து உட்கார்வாள், படுப்பாள், புரள்வாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடி எழுந்து சன்னலைத் திறப்பாள், மூடுவாள். உடம்பு ஓர் இடத்தில் நிற்கவில்லை.

பார்க்கச் சகிக்காமல் அம்மா வந்து கூட்டிப் போனாள். பஸ்ஸில் போனால் பக்கத்து ஊர்தான். போன இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. நாலைந்து நாளில் இருமலும் அடங்கி, அம்மாவோடு சண்டை போடும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. சரியாகிவிட்டதே என்று திரும்பி வந்தாள். அடுத்த விடியலில் அம்மிக்கல் மறுபடி நெஞ்சில் ஏறியது.

இது இரண்டு முறை நடந்தது. மூன்றாவது முறையும் நடந்தபோது மாமியார் சமையலறையிலிருந்தே பேசினாள். மகனின் கடைக்கு உறை தைப்பது அவள்தான். பேச்சும் ஊசி போலவே இருக்கும்.

“வேலைக்கும் போகலை, புகையும் இல்லை. இந்த வாசல்படி மிதிச்சா மட்டும் இருமல். அம்மா வீட்டுக்குப் போனா ஆடு மாதிரி துள்ளல். இது எந்த டாக்டர் பார்க்கிற வியாதின்னு எனக்குத் தெரியலைம்மா.”

“நான் வேணும்னேவா இருமறேன் அத்தை?”

“வேணும்னு இருமறேன்னு நான் சொன்னேனா? மனசுக்குப் பிடிக்கலைன்னா உடம்பு காட்டிக் கொடுத்துடும். என் அக்கா வாழ்ந்த வாழ்க்கையில நான் பார்த்திருக்கேன்.”

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல் முந்திக்கொண்டது. அதுவே பதில் மாதிரி ஆகிவிட்டது.

மாமியார் சொன்னதுகூட வலிக்கவில்லை. மாலையில் கணவன் கடையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டதுதான் வலித்தது.

“என்கிட்ட ஏதாவது பிடிக்கலைன்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

“நினைச்சுக்காம எப்படி இருப்பீங்க?”

“சரி, நினைச்சுக்குவேன். ஆனா சொல்லிடு.”

“உங்களைப் பிடிக்காம எனக்கு எது பிடிக்கும்?”

அவன் தலையாட்டினான். நம்பியவன் தலையாட்டுவது போல இல்லை. அவளுக்கே சந்தேகம் பிடித்துக்கொண்டது. எனக்குத் தெரியாமல் என் மனசு பொய் சொல்கிறதா? இவன் சிரிப்பு, இவன் கை, முடியில் ஒட்டிக்கொண்டு வரும் அந்த வெள்ளைத் துணுக்குகள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றையும் வேண்டாமென்று ஒதுக்க முடியவில்லை. அப்படியென்றால் உடம்பு யாரிடம் கோபித்துக்கொண்டிருக்கிறது?

நாலாவது முறை அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். துணிப்பையில் புடவையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். இந்த முறை போனால் திரும்பி வருவது சுலபமாக இருக்காது என்று தோன்றியது. மாமியார் வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை. பஸ் கிளம்பும் நேரத்தில் கணவன் ஓடி வந்தான். தோளில் அந்த நீளத் தலையணை, பாய் மாதிரி சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

“போன தடவை அங்க தூக்கமே வரலைன்னியே. இது இருக்கட்டும்.”

“இதைத் தூக்கிட்டு நான் போனா, கோவிச்சுக்கிட்டுச் சாமானோட போறேன்னு எல்லாரும் நினைப்பாங்க.”

“கோவிச்சுக்கிட்டுப் போறவ தலையணையையா கொண்டு போவா? நகையைத்தான் கொண்டு போவா,” என்றான். சிரிக்கப் பார்த்தான். “பாதி எனக்குன்னு ஞாபகம் வச்சுக்க. முழுசையும் நீயே எடுத்துக்காதே.”

அம்மா வீட்டில் அதை விரித்து, அவன் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு, தன் பக்கத்தில் தலை வைத்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்தை இழுத்து அணைத்துக்கொண்டாள். விடியும்போது பல் கிட்டும் குளிர். இருமலில் கட்டிலே ஆடியது.

அம்மா பதறிப்போய் வெந்நீரோடு வந்தாள். மகள் அந்தக் காய்ச்சலிலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, ஜன்னி கண்டுடுச்சா?”

“இங்கயும் வந்துடுச்சும்மா.”

“அதுக்கு எதுக்குடி சிரிப்பு?”

“அப்ப காரணம் அந்த வீடு இல்லை. அவர் இல்லை. நான் இல்லை.” மூச்சு வாங்கியது. “போனை எடுத்துக் கொடு.”

கணவனிடம் அதையே சொன்னாள். “அங்கயுமா?” என்று அவன் இரண்டு முறை கேட்டான். பிறகு, “உனக்கு உடம்பு சரியில்லைன்னு கேட்டு எவனாவது சந்தோஷப்படுவானா? நான் படறேன். பாவி நான்,” என்றான்.

அம்மா சந்தோஷப்படவில்லை. அன்றைக்கே நுரையீரல் டாக்டரம்மா ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். படத்தைப் பார்த்துவிட்டு முதலில் மருந்து எதுவும் எழுதவில்லை. கேள்விதான் கேட்டாள்.

“வீட்டுல புறா, கிளி, கோழி ஏதாவது?”

“இல்லை டாக்டர்.”

“ஈரம் ஊறின சுவர், பூஞ்சை?”

“மாமியார் இருக்கிற வீட்டுல பூஞ்சை பிடிக்குமா?”

டாக்டரம்மா சிரித்தாள். “இதுவரைக்கும் அம்மா வீட்டுல வரலை. இந்தத் தடவை வந்திருக்கு. புதுசா இங்க என்ன வந்தது?”

“நான்தான் வந்தேன்.”

“நீங்க முன்னாடியும் வந்தீங்களே.”

அவள் யோசித்தாள். யோசிக்கும்போதே விரல்கள் புடவை நுனியை முறுக்கத் தொடங்கின. “ஒரு தலையணை,” என்றாள்.

“உள்ளே என்ன இருக்கு?”

சொன்னாள். கணவன் தொழிலையும் சொன்னாள். வேகவைக்காத தூவி என்பதையும், மெல்லிய உறை என்பதையும் அவன் பெருமைப்படுவது போலவே சொல்லிக்கொண்டு வந்தவள், டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“இது கிருமி இல்லைம்மா. இறகுல இருந்து கண்ணுக்குத் தெரியாத தூசு வருது. ராத்திரி முழுக்க அதுல முகம் வச்சு மூச்சு இழுக்கறீங்க. சிலர் உடம்பு அதைப் பேசாம விட்டுடும். உங்க உடம்பு எதிரின்னு நினைச்சு சண்டைக்குப் போகுது. சண்டை நடக்கிற இடம் உங்க நுரையீரல். இப்பவே விலகினா பெரும்பாலும் ஆறிடும். விலகாம இருந்தா தழும்பு விழும். தழும்பு விழுந்த இடம் மறுபடி வேலை செய்யாது.”

“தலையணையைத் தூக்கிப் போட்டுடறேன்.”

“அது சுலபம்,” என்றாள் டாக்டரம்மா. “அந்தத் தூசு உங்க வீட்டுக்காரர் சட்டையில வரும், முடியில வரும், கைமடிப்புல வரும். அவர் அந்த வேலையில இருக்கிற வரைக்கும் வந்துக்கிட்டேதான் இருக்கும்.”

வெளியே வந்ததும் அம்மா ஆட்டோ தேடினாள். மகள் நடக்கிறேன் என்றாள். நடந்தாள், நின்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நடந்தாள். சொல்லாமல் விட்டால் என்ன? பஸ் புகைதான் என்று சொல்லிவிடலாம். தலையணையை எலி கடித்துவிட்டது என்று சொல்லலாம். அவன் தினமும் சாயங்காலம் வருவான். பக்கத்தில் உட்காருவான். அவள் அவனை மூச்சாக இழுத்து, அவனாலேயே கொஞ்சம் கொஞ்சமாக… அதை முடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சொன்னால்? அவன் கையால் செய்தது அவளைக் கொல்கிறது என்பதை எந்த வாயால் சொல்வது? வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. விடுதிக்காரர்களுக்கு இறகுதான் வேண்டும்.

மறுநாள் அம்மா எவ்வளவு தடுத்தும் கேட்காமல் பஸ் ஏறினாள். நேரே கடைத்தெருவுக்குப் போனாள். கடைக்கு எதிர்ச்சாரியில், செருப்புக் கடையின் நிழலில் நின்றுகொண்டு போன் செய்தாள். திறந்த கதவு வழியாக அவன் போனை எடுப்பது தெரிந்தது. அவனைச் சுற்றி வெயிலில் வெள்ளையாக ஏதோ மிதந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் அது அழகாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறாள்.

“எதிர்ல நிக்கறேன்.”

அவன் தலையைத் தூக்கினான். முகம் மலர்ந்து, கையில் இருந்ததைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினான்.

“வராதீங்க. அங்கேயே நில்லுங்க.”

அவன் ஒரு காலைத் தெருவிலும் ஒரு காலைப் படியிலும் வைத்தபடி நின்றான். நடுவில் சைக்கிளும் தள்ளுவண்டியும் போய்க்கொண்டிருந்தன. அவள் சொன்னாள். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. தூசு என்றாள், தழும்பு என்றாள், உங்க மேல தப்பில்லை என்றாள், மறுபடி முதலிலிருந்து சொன்னாள். லாரி ஒன்று நடுவில் வந்து நின்று அவனை மறைத்தது. அது நகர்ந்தபோது அவன் படியில் உட்கார்ந்திருந்தான். போன் காதில்தான் இருந்தது.

“வேகவச்சிருக்கணும்,” என்றான். “ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் வேகவச்சுக் கொடுக்கறேன்.”

“வேகவச்சாலும் எனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்க.”

“சும்மா சொல்றியா?”

“சத்தியமா.”

உள்ளேயிருந்து மாமியார் வந்தாள். மகன் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்தாள், எதிர்ச்சாரியில் நின்ற மருமகளைப் பார்த்தாள். போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“என்னம்மா, தெருவுல வச்சு உறவை அத்துக்கிட்டுப் போக வந்தியா?”

அவள் மாமியாருக்கும் சொன்னாள். இந்த முறை கொஞ்சம் ஒழுங்காக வந்தது. மாமியார் குறுக்கே பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அப்ப… எங்க வீடு உனக்குப் பிடிக்காம இல்லை?”

“இல்லை அத்தை.”

“என் சமையல்?”

“சமையலைப் பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லலை.”

மாமியார் போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே முறைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்துத் திரும்பினாள். “உட்கார்ந்திருக்கான் பாரு, கல்லு மாதிரி. எழுந்து பின்னாடி குழாய்ல போய்க் குளிடா. இறகு இல்லாம மெத்தையே இல்லையா? பஞ்சு அடைச்சா மனுஷன் தூங்க மாட்டானா?”

“பெரிய விடுதிக்காரன் வர மாட்டான்.”

“சின்ன விடுதிக்காரன் வருவான். எனக்கு உறை எல்லாம் ஒண்ணுதான்.”

அவன் உள்ளே போனான். திரும்பி வந்தபோது தலை சொட்டிக்கொண்டிருந்தது. மாற்றுச் சட்டை இல்லாததால் இன்னும் வெட்டாத புது உறைத்துணியைச் சால்வை போலப் போர்த்தியிருந்தான். நீலப் பட்டை போட்ட துணி. தெருவைக் கடந்து வந்து, அவளுக்கு ஒரு கை தூரம் தள்ளி நின்றான்.

“இப்ப?”

அவள் உற்றுப் பார்த்தாள். “மீசையில ஒண்ணு.”

அவன் எடுத்துப் போட்டான். அது கீழே விழாமல் அவர்கள் இருவருக்கும் நடுவே சற்று நேரம் சுற்றியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பியதற்காக அவளுக்கு அழுகை வந்தது.

“அழாதே. மூச்சு வாங்கும்,” என்றான். “கடையைக் கழுவணும், வீட்டைக் கழுவணும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். அது வரைக்கும் அம்மா வீட்டுல இரு. நான் வந்து பார்க்கறேன். வாசல்லயே நின்னு.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“தெரியலை.”

“நுரையீரல் முழுசா ஆறுமா?”

“அது எனக்கு எப்படித் தெரியும் மைக்? வா, பஸ் ஏத்தி விடறேன்.”

நடந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டு நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவன் நின்று, விரலை எச்சில் தொட்டு உயர்த்திப் பிடித்தான்.

“என்ன பண்றீங்க?”

“காத்து என் பக்கத்துல இருந்து உன் பக்கம் அடிக்குது,” என்று சொல்லிவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தான். அடுத்த தெருமுனையில் காற்று திரும்பியது. அவனும் திரும்பினான். அதற்கடுத்த சந்தில் இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்தது. பட்டைத் துணியைப் போர்த்திக்கொண்டு ஒருவன் மனைவியை இடமும் வலமுமாகச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, கடை வாசலில் நின்றவர்கள், குடித்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

“ஓர் இடத்துல நடங்களேன், தலை சுத்துது எனக்கு.”

“காத்தை நிக்கச் சொல்லு, நானும் நிக்கறேன்.”