பின்வரிசையில் பதின்மூன்றாவது ஆள்

"இங்கயா?" குழிவெட்டி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். "கேட்டுப் பக்கம் மரத்தடியிலன்னுதானே உங்க தம்பி சொல்லிட்டுப் போனாரு?"

"இங்கதான்." தையற்காரி கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துத் தரையில் நீட்டினாள். நாடா ஐந்தடிதான் இருந்தது. மீதி இரண்டடியைச் சாண் வைத்து அளந்தாள். நேற்றுச் சாயங்காலம் வரை உயிரோடு இருந்த அப்பாவுக்கு அளவெடுக்கிறோம் என்று நினைத்ததும் அழுகை வந்தது. அளவு தப்பிவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்தின் பின்சுவரை ஒட்டி இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் போட்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே முழங்கால் உயரம்கூட இல்லாத பன்னிரண்டு கல்லறைக் கற்கள். திங்கட்கிழமை இயந்திரம் வந்து அவற்றைப் பெயர்த்துவிட்டு, வண்டி நிறுத்த இடம் பண்ணப் போகிறது. அவள் நாடா நீட்டியது வரிசையின் முனையில், இயந்திரம் உள்ளே வர இருந்த ஒரே வழியில்.

அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளே, உடைந்துபோன பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். முன்வரிசையில் ராணுவ அதிகாரிகள் பளிங்குக்கு அடியில் படுத்திருந்தார்கள். பேர், பதவி, பதக்கம் எல்லாம் பத்தடி தள்ளி நின்றே படிக்கலாம். அப்பாவுக்கு அவர்கள் மேல் அக்கறையே இல்லை. பின்வரிசைக் கற்களைத் தண்ணீர் விட்டுக் கழுவி, சாய்ந்த வெயிலைக் கண்ணாடியில் பிடித்துக் கல்லின் மேல் பக்கவாட்டில் அடிப்பார். தேய்ந்த எண்கள் மெல்ல எழுந்து வரும். அவற்றை எழுதிக்கொண்டு ராணுவ ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் போடுவார். ஆறு வருஷம் விடாமல் போட்டார். ஊரே 'கல்லறை டிரைவர்' என்று கேலி செய்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் பதில் வந்தது. பன்னிரண்டு பேரும் ராணுவத்துக்குச் சுமை ஏற்றிப் போன கோவேறு கழுதைப் படைப்பிரிவு. போர்க்காலத்தில் பாசறை ஆஸ்பத்திரியில் கொள்ளைக் காய்ச்சல் பரவி, மற்றவர்கள் வாசலோடு நின்றுவிட்டபோது, கழுதைகளைக் கட்டிப்போட்டுவிட்டு உள்ளே போனவர்கள் இவர்கள்தான். நாற்பது நாள் நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து, ஒருவர் பின் ஒருவராக அங்கேயே செத்தார்கள்.

அப்பா கடிதத்தோடு கல்லறைக் குழுவிடம் ஓடினார். குழுத் தலைவர் ஓய்வு பெற்ற மேஜர். "கழுதை மேய்ச்சவனெல்லாம் சிப்பாயாய்யா?" என்று கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். மேலிடத்துக்குப் போட்ட மனு மூன்று மாதம் கழித்துத்தான் விசாரணைக்கு வரும். "திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள்?" இதுதான் ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகக் கேட்டது.

"என் வேலைக்கு வேட்டு வெச்சிடாதீங்கம்மா," என்றார் குழிவெட்டி.

அவள் மேஜர் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டை நீட்டினாள். "இடம்னு இருக்கிற கட்டத்துல என்ன எழுதியிருக்கு?"

அவர் இரண்டு தடவை பார்த்தார். "ஒண்ணும் எழுதலையே. அவங்க எப்பவுமே எழுத மாட்டாங்க. நான் பாத்துக்குவேன்னு விட்டுருவாங்க."

"அப்ப பாத்துக்குங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டில் குழுவே எழுதி வைத்த பலகை அவருக்கு மனப்பாடம். புதைத்த இடத்தைப் பதினான்கு ஆண்டுகளுக்கு எக்காரணம் கொண்டும் தோண்டக் கூடாது. உள்ளங்கையில் எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொண்டு முதல் வெட்டைப் போட்டார்.

வீட்டில் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "உனக்கென்ன கிறுக்காக்கா? மேஜரே கூப்பிட்டு மரத்தடியில இடம் குடுத்திருக்காரு. கடைசி நாளாவது அப்பா மரியாதையாப் போகட்டும்."

"மரியாதையா? மனுவை வாபஸ் வாங்குன்னு உங்கிட்ட சொன்னாரா இல்லையா?"

அவனுக்கு நகரசபையில் குமாஸ்தா வேலை, மேஜர் சிபாரிசில் கிடைத்தது. அவள் அப்பாவின் பைக்குள் இருந்த கடிதத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"ஒரு தடவையாவது படிடா. அப்புறம் எங்க வேணா கொண்டுபோ."

அவன் பெட்டியின் பக்கத்தில் நின்றபடியே படித்தான். படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வழியெல்லாம் பெட்டியின் முன்பக்கம் அவன் தோளில் இருந்தது. அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று பின்னால் நடந்த அவளுக்குத் தெரியவில்லை.

கேட்டைத் தாண்டியதும் வலது பக்கம் மரத்தடியில் மேஜர் மலர்வளையத்தோடு விறைப்பாக நின்றார். தம்பி ஒரு கணம் நின்றான். பிறகு இடது பக்கம் திரும்பினான்.

"எங்க போறீங்க? இடம் இந்தப் பக்கம்!"

"அப்பாவோட இடம் அங்க இருக்குதுங்க," என்றான் தம்பி, திரும்பிப் பார்க்காமலே. அவன் காது சிவந்திருந்தது.

மேஜர் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார். வெட்டிய குழியைப் பார்த்ததும் முகம் கடுத்தது. "இது வேலை நடக்கப் போற இடம். யார் குடுத்த அனுமதி?"

"நீங்க குடுத்ததுதான் சார். கையெழுத்து இருக்கு." தையற்காரி சீட்டை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "பதினாலு வருஷம்னு கேட்டுல போர்டும் நீங்கதான் வெச்சிருக்கீங்க."

"ஒரு குழியைச் சுத்திக்கிட்டுப் போகத் தெரியாதா எங்களுக்கு?"

"தாராளமாப் போங்க. சுவருக்கும் அப்பாவுக்கும் நடுவுல நாலடி இருக்கு. சைக்கிள் போகும்."

அப்பாவோடு வேலை பார்த்த டிரைவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேஜர் குழிவெட்டியை முறைத்தார். குழிவெட்டி அண்ணாந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டி இறங்கியது. முதல் பிடி மண்ணைத் தம்பி போட்டான். குழி மூடும்வரை மேஜர் அங்கேயேதான் நின்றார். பிறகு மலர்வளையத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு விடுவிடுவென்று நடந்தார். நாளைக்குத் தம்பியின் வேலைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதை அவனும் கேட்கவில்லை.

வளையத்தின் குறுக்கே பட்டு நாடா. 'கல்லறைக் குழுவின் ஆழ்ந்த மரியாதையுடன்' என்று தங்க எழுத்து.

அவள் அதை அப்பாவின் புதுமண்ணில் வைக்கவில்லை. ஓரடி தள்ளிப் போய், ஒரு கழுதைக்காரரின் கல்லில் சாய்த்து வைத்தாள். எழுத்து முழுசாகத் தெரியும்படி நாடாவின் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டாள்.