கடைசி மலைக்கு ஞாயிறு சரிப்படாது

ஏறி முடிக்க வேண்டிய பதினான்கு மலைகளில் கடைசி மலை, வெள்ளிக்கிழமை மாலை மங்களேஸ்வரியைப் போனில் கூப்பிட்டு, இந்த ஞாயிறு தனக்குச் சரிப்படாது என்றது.

"தங்கச்சி வீட்டுல காதுகுத்தும்மா. போகலைன்னா நல்லாருக்காது."

காதுகுத்து என்றால் யார் என்ன சொல்ல முடியும்? "பரவால்லைங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றாள் மங்களேஸ்வரி. ஊமையன்மலை தொண்டையைச் செருமியது. போனுக்குள் கொஞ்ச நேரம் கல் உருண்டது. பிறகு தொடர்பு அறுந்தது.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை மலைக்குக் காய்ச்சல். அடுத்த தடவை பெண் பார்க்க வருகிறார்கள் என்றது. யார் யாரைப் பார்க்க வருகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை.

"சரி விடு, மறுபடி பிளான் போடுவோம்" என்றார் அவள் கணவர் தாமோதரன். அவர் வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை. பேருந்து நேரத்தை விசாரித்து எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். எழுதும்போது லேசாக ஏதோ முணுமுணுத்துப் பாடினார்.

மங்களேஸ்வரி போடியில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். தாமோதரன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போன பிறகு, வீட்டில் பேச மிச்சமிருந்தவை கேஸ் சிலிண்டரும் தண்ணீர் மோட்டாரும்தான். "மோட்டார் போட்டாச்சா?" "போட்டாச்சு." "அணைச்சாச்சா?" "அணைச்சாச்சு." அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

அப்போதுதான் மலையேற்றச் சங்கத்தின் அறிவிப்பு வந்தது. சுற்றுவட்டாரத்தின் பதினான்கு மலைகளையும் ஏறி முடிப்பவர்களைச் சங்கம் சிறப்பிக்கும். எப்படிச் சிறப்பிக்கும் என்று போடவில்லை. இருவரும் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தார்கள். எந்தப் பக்கம் ஏறினால் வெயில் முதுகில் விழும், எங்கே ஊற்று இருக்கும், புளியோதரை கெடுமா, எலுமிச்சை சாதம் கெடுமா. ஒரு மலைக்கு ஒரு மாதம் பேசினார்கள். ஏற ஒரு நாள் போதும்.

ஞாயிறு காலை தாமோதரன் கடையில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போனார். மங்களேஸ்வரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மலை ஊருக்குப் போயிருந்தாலும் அது இருக்கும் இடத்தையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று பேருந்து ஏறினாள்.

மலை இருந்த இடம் வெறும் தரையாக இருந்தது. பீரோவை நகர்த்திய பிறகு தெரியும் தரையைப் போல வெளிறியிருந்தது. ஓரத்தில் ஒரு பெண் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள்.

"காதுகுத்துக்குப் போயிருக்கா?" என்று கேட்டாள் மங்களேஸ்வரி.

"காதுகுத்தெல்லாம் இல்லக்கா. முந்தாநாள் ஒரு ஆள் வந்து கூட்டிட்டுப் போனாரு. கண்ணாடி போட்டவரு."

"பஸ்லயா?"

"பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க. நடத்தித்தான் கூட்டிட்டுப் போனாரு. பதமாத்தான் போனாரு, கையைப் பிடிச்சுக்கிட்டு."

மங்களேஸ்வரி அரைக்கிலோ கொய்யா வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். மொட்டைமாடிக்குப் போகும் படிகள் வழக்கத்தைவிட நீண்டிருந்தன. நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தாள். மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஊமையன்மலை ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. அதன் உச்சி மேகத்துக்குள் இருந்தது. தாமோதரன் அதன் அடிவாரத்தில் நின்று குவளையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, என்ன இது?"

"மலை."

"அது தெரியுது."

"நான் வேணாம்னுதாம்மா சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது" என்றது மலை.

தாமோதரன் குவளையைக் கீழே வைத்தார். "இதையும் ஏறிட்டா முடிஞ்சிரும்ல மங்களம். முடிஞ்சா மறுபடி மோட்டார் போட்டாச்சா, அணைச்சாச்சான்னுதான் பேசணும். எனக்கு அது பயமா இருந்துச்சு. அதான் கொஞ்சம் தள்ளிப் போடலாம்னு."

கல்யாணமானதிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. பாதி வழியில் அது வேறு எதுவாகவோ ஆகிவிட்டது. கீழே போய்த் தயிர்சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஷூவைப் போடுங்க" என்றாள்.

மொட்டைமாடியிலிருந்து ஏறினார்கள். முதலில் புல், பிறகு சோலைக்காடு. கால்களில் அட்டைகள் ஏறின. செங்குத்தான இடத்தில் அவள் அவருடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவுவது கடைசி வரை கேட்டது.

உச்சியில் ஒரு இளம் ஜோடி உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நீங்க மங்களேஸ்வரி மேடம்தானே? அடுத்த ஞாயித்துக்கிழமை உங்களைத்தான் பிளான் போட்டிருக்கோம்."

"எங்களையா?"

"ஆமா மேடம். பதினாலும் ஏறி முடிச்சவங்களைச் சங்கத்துல மலையாச் சேத்துருவாங்க. எங்களுக்கு இது ஆறாவது. நீங்க ரெண்டு பேரும் ஏழாவது."

மங்களேஸ்வரி தன் கணவரைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரே மலையாவா, ரெண்டாவா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"ரெட்டை உச்சின்னு போட்டிருக்கு சார். சார் பக்கம் ஏறி மேடம் பக்கம் இறங்கலாம்னு இருக்கோம்."

"என் பக்கம் ஏறுங்க. காலைல அவருக்கு முட்டி பிடிச்சுக்கும்" என்றாள் மங்களேஸ்வரி.

மறுநாள் ஊமையன்மலை விடைபெற்று நடந்து போனது. அந்த வாரம் முழுக்க இருவரும் சாப்பாட்டு மேஜையைவிட்டு எழவே இல்லை என்று சொல்லலாம். ஊற்றை எங்கே வைப்பது? அவர் தன் தோளில் வேப்பமரம் வேண்டும் என்றார். அந்த உயரத்துக்கு வேம்பு வராது என்றாள் அவள். கண்ட இடமெல்லாம் படரும் உண்ணிப்பூ மட்டும் வேண்டவே வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. தட்டில் சோறு ஆறியது. அவளுடைய இடப்பக்கச் சரிவு பார்க்க அழகாக இருக்கும் என்று அவர் ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிறு விடிகாலையில் ஊருக்கு வெளியே ஒரு தரிசு நிலத்தில் அருகருகே படுத்தார்கள். தரை ஜில்லென்றிருந்தது. அவர் அவள் கையைப் பிடித்தார்.

"கையை எடுங்க. நடுவுல கணவாய் விடணும்."

"எதுக்கு?"

"காத்து போக வேணாமா?"

"சுத்திப் போகட்டும்" என்றார் அவர்.

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பனிமூட்டம் வந்து அவள் முழங்காலில் தங்கியது. சாலையில் பேருந்து நின்றது. "மங்களேஸ்வரி, தாமோதரன் எறங்குறவங்க எறங்குங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

முதல் காலடி அவள் குதிகாலில் பட்டது. புது ஷூ. அந்தப் பெண் வழுக்கிவிடக் கூடாதே என்று மங்களேஸ்வரி மூச்சை மெதுவாக விட்டாள்.