பொன் இரவு

வெயில் முதுகைச் சுட்டுக்கொண்டிருந்த மாலை நாலரை மணிக்கு, பாஞ்சாலியின் வீட்டில் அரிக்கேன் விளக்கை ஏற்றச் சொன்னார் மெட்ராஸிலிருந்து வந்திருந்த அம்மா. இரவுச் சாப்பாட்டைப் பார்வையிட வந்தவர் அவர். இருட்டுவதற்குள் ஜீப் பூந்தமல்லியைத் தாண்டிவிட வேண்டுமாம். அதனால் அன்று பென்னலூருக்கு இரவு சீக்கிரமே வந்தாக வேண்டியிருந்தது. நான் கதவைச் சாத்தினேன். இருந்த ஒரே சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டேன். போட்டோக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ராத்திரி வேணும் மேடம்" என்றார்.

எங்கள் தெருவில் முதல் பி.ஏ. நான். அதற்குக் கிடைத்தது கிராம சேவிகா வேலை. அந்த வேலையில் அன்றைக்குச் செய்ய வேண்டியிருந்தது சாக்கு தொங்கவிடுவது.

ஆறு மாதம் முன்பு வண்ணத்தில் அச்சடித்த ஒரு சார்ட் வந்தது. வாரத்துக்கு ஏழு இரவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். திங்கள் பச்சை இரவு, கீரை. வியாழன் கடல் இரவு, மீன். வெள்ளி செம்மை இரவு, ஈரல். சனி பொன் இரவு, முட்டை. மேலே ஒரு படம்: சட்டையை இன் பண்ணிய அப்பா, தலையில் பூ வைத்த அம்மா, எல்லோரும் மேசையைச் சுற்றி நாற்காலியில். பென்னலூரில் அப்போது பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் மேசை இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு ஈரல் எழுதியவருக்கு இந்த ஊர் அம்மன் கோயிலும் தெரியாது, வெள்ளியன்று கறிச்சட்டியைத் தொடாத என் அம்மா சூசையம்மாளையும் தெரியாது. பெயர் வைக்க மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சார்ட்டோடு வீட்டுக்கு எட்டுக் கோழி கொடுத்தார்கள். முட்டையை வீட்டில்தான் தின்ன வேண்டும். பார்வையிட வரும் நாளில் சார்ட்படி சாப்பாடு இல்லையென்றால் கோழிகள் அடுத்த ஊருக்குப் போய்விடும். பாஞ்சாலி முட்டைகளைச் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் போட்டு அரிசி வாங்கினாள். எனக்குத் தெரியும். விரிசல் விட்டதை மட்டும் வீட்டில் வேகவைத்தாள், அதுவும் புருஷனுக்கு. கோழி வருவதற்கு முன்னால் அவள் ஒரு படி அரிசிக்குக் கொழுந்தன் வீட்டு வாசலில் அரை நாள் நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன்.

புதன்கிழமை வருவதாகத்தான் இருந்தது. சார்ட்டில் அதற்கு முருங்கைக்கீரை, ஒரு தொந்தரவும் இல்லை. மெட்ராஸ் அம்மாவுக்கு அன்றைக்கு ஏதோ விழா. சனிக்கு மாற்றினார்கள். புரட்டாசி மூன்றாம் சனி.

பிளாக் ஆபீஸில் எனக்கு மேலதிகாரி கோதண்டராமன். ஜீப் கிளம்புமுன் அவரிடம் சொன்னேன்.

"சார், பெருமாள் கும்பிடுற வூடு. இன்னிக்கு முட்டை வேணாம். கீரையைக் காட்டிடலாம்."

"சார்ட்ல என்ன போட்டிருக்கு?"

"முட்டை."

"அப்புறம்?"

அவர் நெற்றியில் நாமத்தைத் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. "உங்க வூட்ல இன்னிக்கு முட்டையா சார்?" என்றேன்.

"அது வீடு, ரோஸி. இது ஸ்கீம்." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "உன் பர்மனென்ட் ஆர்டர் என் மேசையிலதான் இருக்கு. ஞாபகம் வச்சுக்க."

வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருடம் பஸ்ஸில் தொங்கிப் போய்ப் படித்து வந்த வாய்.

வீட்டுக்குள் நாலு தட்டு. பாஞ்சாலிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சோறும் ஒவ்வொரு முட்டையும். புருஷன் தசரதன் தட்டில் மட்டும் இரண்டு. பழக்கம். ஆனால் தசரதன் உட்காரவில்லை. காலையிலிருந்து பித்தளைச் சொம்போடு வீடு வீடாகக் கோவிந்தா போட்டுவிட்டு வந்தவன், பெரிய நாமத்தோடு கதவைத் தள்ளிக்கொண்டு நின்றான். வெளியில் இருந்த பகல் மொத்தமும் உள்ளே வந்தது.

"இன்னா டீச்சரம்மா, பெருமாள் சனியில கவுச்சி வெச்சிக்கினு கூத்து காட்டுறீங்களா? இது வூட்ல இருக்கிற மட்டும் நான் உள்ள காலு வெக்க மாட்டேன்" என்றான் என்னிடம்.

புரட்டாசி பிறக்கும்வரை முட்டை அவன் தொண்டைக்குள்தான் போனது.

"கணவர் என்ன சொல்றார்?" என்றார் அந்த அம்மா.

"கூச்ச சுபாவம் மேடம்" என்றார் கோதண்டராமன்.

அம்மா பாஞ்சாலி பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா சாப்பிடலை? அப்போ கோழியெல்லாம் எதுக்கு வளர்க்கிறே? விக்கறதுக்கா?" கோதண்டராமன் கோழி ரிஜிஸ்டரைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

பாஞ்சாலி வாசலைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள்.

"சொல்லிட்டேன்டி" என்றான் தசரதன்.

முட்டையை முழுசாக வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள், கஷாயம் குடிப்பது போல. பிள்ளைகளும் எடுத்தன. கேமரா பல்பு பளிச்சென்றது. "பியூட்டிஃபுல்" என்றார் அந்த அம்மா. பேனாவுக்கு மூடி போட்டாயிற்று. கால் மணி நேரத்தில் ஜீப் போய்விட்டது.

சாக்கைக் கழற்றி மடித்தேன். சொம்பில் தண்ணீர் மொண்டு பாஞ்சாலியிடம் நீட்டினேன். "வாய் கொப்பளிச்சிடு. அவ்ளோதான்."

அவள் வாங்கவில்லை.

"பெருமாள் பாத்துக்கினுதான் கீறாரு" என்றான் தசரதன் வாசலிலிருந்து.

"பாக்கட்டும். கோழிய புடிச்சிக்கினு போவ அவரு பேனாவ தொறந்தப்போ நீயும் பாத்துக்கினுதானே நின்னே."

பாஞ்சாலி அவனுக்கு வைத்திருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு முட்டையை எடுத்து இரண்டாகப் பிட்டாள். மஞ்சள் கரு உதிராமல் விரலில் ஏந்தி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவாகத் தின்றாள். பெரியவள் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாஞ்சாலி இரண்டாவதை எடுத்தபோது வாசலில் அவன், "கோவிந்தா!" என்று உரக்கக் கூப்பிட்டான்.

அவள் உப்பைத் தேடினாள்.