ரெஷ்மாவின் பென்சில்

...அப்படியானால் இது உபரியே இல்லை, என்று அஞ்சு மறுபடியும் கணக்குத் தாளில் விரல் வைத்துப் பார்த்தாள், பன்னிரண்டாயிரத்து ஐநூறு, லீலாபாய் டீச்சர் தந்தது, போனக்காட்டு மாடம்மாளுக்குச் சக்கர நாற்காலி வாங்க என்று சொல்லித் தந்தது, அதைப் போய் பழைய பொருளாளர் ரெஷ்மா பொதுக் கணக்கில் தள்ளி, உபரி என்று காட்டி, போன மாதக் கூட்டத்தில் கைதட்டலும் வாங்கிக்கொண்டு பொறுப்பை ஒப்படைத்துவிட்டாள்... கரமனையில் ஏறிய பஸ் இன்னும் கிள்ளிப்பாலம் தாண்டவில்லை, மடியில் ஃபைல், நெஞ்சுக்குள் ஒரு குதியாட்டம். மாட்டினாயா சேச்சி, நல்லா மாட்டினாய். நாலு மணிக்குப் பாளையத்தில் கமிட்டி, அந்த உபரியை எடுத்து ஆண்டு விழாவுக்குப் பந்தலும் ஸ்பீக்கரும் போடலாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள், புதிய பொருளாளர் அஞ்சு எழுந்து, ரொம்பப் பணிவாக, எனக்கொரு சந்தேகம் என்று ஆரம்பித்தால் போதும், மீதியை ரெஷ்மாவின் முகமே பார்த்துக்கொள்ளும்.

பொருளாளராம். எழுந்து நடக்க முடியாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற மாணவர் சங்கம், அதில் தாவரவியல் படிக்கிறவளுக்கு ஏன் இந்தப் பதவி? அப்பா சாலை பஜார்க் கடைகளுக்குக் கணக்கெழுதுகிறவர், அது ஒன்றுதான் தகுதி. "கோலப்பன் அண்ணாச்சி மகளல்லே, அவ பாத்துக்கிடுவா" என்று தலைவன் வினீத் சொன்னான், எல்லாரும் தலையாட்டினார்கள், அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. டிப்ரிஸியேஷன், அக்ரூவல், ரெஸ்ட்ரிக்டட் ஃபண்ட்... அப்பாவிடம் கேட்கலாம்தான், இதுகூடத் தெரியாதா என்று ஒரு பார்வை பார்ப்பார், அதற்குச் சும்மா இருக்கலாம். தலைமையகம் கொடுத்த கையேடு தமிழுமில்லை மலையாளமுமில்லை, ஏதோ கல்வெட்டு மாதிரி. கடைசியில் எதில் புரிந்தது? ஓரத்தில் ரெஷ்மா எழுதி வைத்திருந்த பென்சில் குறிப்புகளில். தேய்மானம்: நம் காற்று மெத்தை வாங்கியபோது ஏழாயிரம், ஒரு வருஷம் நோயாளி படுத்த பிறகும் ஏழாயிரம் என்று எழுதினால் பொய். ரெஸ்ட்ரிக்டட் ஃபண்ட்: ஒரு காரியத்துக்கென்று தந்தது, வேறெதற்கும் தொடாதே, தொட வேண்டுமென்றால் தந்தவரிடம் கேள். எவ்வளவு அழகாகச் சொல்கிறாள் பாவி, அவளைப் பிடிக்கிற கயிறுகூட அவள் கையால் திரித்ததாக இருக்க வேண்டுமா... அம்மாவுக்குக்கூட, ஒரே ஒரு முறை வீட்டுக்கு வந்தவளைப் பற்றி, "அந்தப் பிள்ள எவ்வளவு அடக்கமா பேசுகா" என்று ஒரு வாரம் பேச்சு. நான் அடக்கமில்லையாக்கும்.

தம்பானூரில் பஸ் நின்றேவிட்டது. நிற்கட்டும், யோசிக்க நேரம் கிடைத்தது. நாற்காலி தேவைப்படவில்லை என்று ரெஷ்மா மழுப்பினால்? மழுப்ப முடியாது, சாட்சி நானே இருக்கிறேன், ஜனவரியில் போனக்காட்டுக்குப் போனவள் நானல்லவா... அன்றைக்கும் அப்படித்தான், வீட்டுச் சந்திப்புக்கு ரெஷ்மாவுக்குக் கடலோர விழிஞ்ஞம், வினீத்தின் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஜம்மென்று, முடிந்ததும் எல்லாருக்கும் கடற்கரையில் மீன் வறுவல், எனக்கு மட்டும் மலை, பஸ், வாந்தி. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், மாடம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அதை ஒரு அடி தள்ளி, பிறகு ஒரு கால், மறுபடியும் நாற்காலி, மறுபடியும் கால், இப்படியே வாசல்வரை வந்தாள், அதற்கே ஐந்து நிமிஷம். சக்கர நாற்காலி வேணுமா பாட்டி என்று கேட்டதற்கு, "எதுக்கு தாயி வீண் செலவு, நான் சமாளிச்சுக்கிடுதேன், நீ ஒரு வாய் தேயில குடி" என்றாள். கீழே பஸ் ஹாரன் அடித்தது, அதை விட்டால் சாயங்காலம்தான், மீன் வறுவலும் போய்விடும், ரெஷ்மா மட்டும் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள்... தேயிலை குடிக்காமலே அஞ்சு ஓடினாள். போகட்டும், இப்போது அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கமிட்டியில் சொன்னால் போதும், அத்தனை பேரும் வாயடைத்துப் போவார்கள்.

ஃபைலில் லீலாபாய் டீச்சர் பெயரில் இன்னொரு தாள் இருந்தது. கடிதம். அந்த நோயாளிக்குத் தேவையில்லை என்று ரெஷ்மா நேரில் வந்து சொன்னாள், பணத்தைப் பொதுக் கணக்கில் சேர்க்கச் சம்மதம். கையெழுத்து, தேதி, எல்லாம் சரியாக. கேட்டிருக்கிறாள். தந்தவரிடம் போய்க் கேட்டேயிருக்கிறாள். அதன் பின்னால் வீட்டுச் சந்திப்புப் பதிவேட்டின் நகல் ஒன்று, போனக்காடு, மாடம்மாள், சக்கர நாற்காலி: 'வேண்டாம் என்றார்.' சாய்ந்த எழுத்து, அவசர எழுத்து, அஞ்சுவின் எழுத்து.

பஸ்ஸிலிருந்து கடற்கரைக்கு ஓடிவந்து சிரித்தபடி உட்கார்ந்து எழுதியது. முதல் பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள், கேட்டால் எல்லாரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அதை எழுதாதீர்கள், கட்டிலிலிருந்து வாசலுக்கு எப்படி வருகிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். சொன்னது யார், அதுவும் ரெஷ்மாதான். அன்று கடற்கரையில் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "ஒறப்பு தானே அஞ்சு?" என்று கேட்டாள், மீனிலிருந்து தலை நிமிராமல் ஒறப்பு சேச்சி, நிச்சயம்தான் என்றது இந்த வாய்தான்... நகலின் ஓரத்தில் பென்சில். 'அஞ்சு நேரில் பார்த்தது. அவள் சொன்னால் சரியாக இருக்கும்.'

போன் அடித்தது, வினீத். "எங்க எத்தி, பாளையம் வந்தாச்சா? ரெஷ்மா உனக்கும் சேத்து சாயா சொல்லிட்டா கேட்டோ." வந்துட்டேன் என்றாள். கட்டைவிரலால் பென்சில் வரியைத் தேய்த்துப் பார்த்தாள், சாம்பலாகப் பரவியது, எழுத்து போகவில்லை. இதிலும் அவளே நல்லவளாகிவிட்டாளே, ஒரு தப்புகூடச் செய்யாமல் எப்படித்தான் இருக்கிறாள், என்று பொருமிக்கொண்டே எழுந்து, கம்பியைப் பிடித்து, பாளையத்தில் படியிறங்க ஒரு காலை வைத்தபோதுதான் உறைத்தது, கரமனையிலிருந்து இதுவரைக்கும் ரெஷ்மாவைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், மாடம்மாள் இன்றைக்கு எப்படி நடக்கிறாள் என்று ஒரு தடவைகூட...