நாலு சில்லுக்கும் பொட்டு

பாக்கியரத்தினமும் ஒரு காலத்தில் எல்லாரையும் நம்பித் திரிந்தவன்தான். இப்போதோ, சீனி போட்டாயிற்று என்று தேத்தண்ணிக் கடைக்காரன் சொன்னாலும் கரண்டியை விட்டு அடியைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் அவனோடு வேலை செய்கிறவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிக்கிறவர்களுக்கு என்ன. மூன்று வருஷத்துக்கு முன்பு குணேஸ்வரிக்கு முதற்பிள்ளை பிறக்க இருந்தபோது, டவுனில் வாடகைக் கார் ஓடிய ஒருவன், "ஆளனுப்பினால் போதும், வந்து நிற்பன்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தான். ஆள் போனது, கார் வரவில்லை. அன்றைக்கு அவனுக்கு ஒரு கலியாண வீட்டு ஓட்டம் கிடைத்துவிட்டது. அவர்களுடைய ஊரான சாம்பல்தீவிலிருந்து மாட்டு வண்டியில் ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. குணேஸ்வரி மட்டும் பிழைத்தாள். அதற்குப் பிறகு பாக்கியரத்தினத்துக்கு மனிதர் வாயிலிருந்து வரும் வாக்கு என்றாலே நம்பிக்கை இல்லை.

இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். இந்தமுறை எவனுடைய காரையும் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறதில்லை, சொந்தக் கார்தான் என்று முடிவெடுத்துவிட்டான். புதுக் கார் இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது விட்டுப்போன கார்கள்தான் ஏழு வருஷமாகக் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை வாங்கி விற்கிறவர் அபூதாஹிர். ஊரில் அவரை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். துறைமுகத்துப் பக்கம் ஒரு வாகை மரத்தடியில் அவருடைய கராஜ் இருந்தது. அங்கே நின்ற சாம்பல் நிற மொறிஸ் மைனர் ஒன்று பாக்கியரத்தினத்துக்குப் பிடித்துப்போயிற்று. எல்லாம் சரி, பிறேக் மட்டும் பிடிக்கவில்லை. மிதித்தால் கார் யோசித்து யோசித்துத்தான் நின்றது.

"பிறேக் லைனிங் தேஞ்சி போச்சு தம்பி," என்றார் அபூதாஹிர். "நாலு சில்லையும் கழட்டிப் புது லைனிங் அடிச்சி, வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்ச கையோட உங்கட ஊட்டுக்கே கொண்டு வாறன். என்னை நம்புங்க."

அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அதைக் கேட்டதும்தான் பாக்கியரத்தினத்துக்குச் சந்தேகம் வந்தது.

அடுத்த நாள் கச்சேரியில் கூட வேலை செய்யும் இராசதுரையிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டான். இராசதுரைக்குக் கார்களைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள்தான், அது வேறு விஷயம்.

"லைனிங் மாத்துறதோ? நல்ல கதை," என்றார் இராசதுரை. "பழைய லைனிங்கையே கொஞ்சம் இறுக்கி விடுவினம். ஒரு மாசத்துக்கு நல்லாப் பிடிக்கும். உமக்கு ஒண்டும் தெரியாது. பிறகு ஒருநாள் பாலத்தடியில மிதிக்கேக்க பிறேக் அடிவரைக்கும் போகும், கார் நிக்காது. சில்லைக் கழட்டினவங்களோ இல்லையோ எண்டு ஆர் கண்டது?"

பாலத்தடி என்ற சொல் பாக்கியரத்தினத்தின் காதைவிட்டுப் போகவில்லை. சாம்பல்தீவுப் பாலத்தில் நிற்காமல் போகிற காரில் பிள்ளைத்தாய்ச்சியாகக் குணேஸ்வரி இருப்பதைக் கண்ணால் கண்டுவிட்டான். சில்லைக் கழற்றினார்களா என்று கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும். வீட்டுக்கு வரும் வழியிலேயே அது கிடைத்துவிட்டது.

"சல்லி அம்மன் கோயில் குங்குமம் கொஞ்சம் எடும். தேங்காயெண்ணெய் விட்டுக் குழைச்சுத் தாரும்," என்றான் மனைவியிடம்.

காரியம் இதுதான். அந்த மொறிஸின் சில்லு மூடிகள் நாலும் எப்போதோ தொலைந்துபோனவை. சில்லைப் பூட்டியிருந்த நட்டுகள் வெளியே தெரிந்தன. ஒவ்வொரு சில்லிலும் காற்றடிக்கிற வால்வுக்கு நேரே உள்ள நட்டில் ஒரு பொட்டு. ஸ்பனர் போட்டால் பொட்டு அழியும். அழியாமல் இருந்தால் சில்லைக் கழற்றவில்லை.

"அம்மாளாச்சியின்ர குங்குமம் இதுக்கோ?" என்றாள் குணேஸ்வரி. "கும்பிட்டு வைக்கிறதை வைச்சு ஆளைப் பிடிக்கப் போறீங்களோ? எனக்கு இது சரியாப் படேல்லை." ஆனால் குழைத்துக் கொடுத்தாள். அவளுக்கும் அந்த மாட்டு வண்டி மறக்கவில்லை.

மறுநாள் பாக்கியரத்தினம் கராஜுக்குப் போய், "புதுசா வாங்கிற வாகனம் நானா, பொட்டு வைக்கிறது எங்கட வழக்கம்," என்றான். முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். அபூதாஹிர் தலையில் இருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு தள்ளி நின்றார். "தாராளமா வையுங்க தம்பி. தங்கச்சி சொகமா இருக்கிறாவா?" என்று கேட்டார். ஓம் என்றான். நாலு சில்லிலும் குனிந்து குனிந்து பொட்டு வைத்தான். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இப்படிப் பார்க்கிறார் என்று அதிலும் அவனுக்கு ஒரு சந்தேகம்.

அந்தக் கிழமை முழுக்கப் பாக்கியரத்தினம் கச்சேரி விட்டதும் சைக்கிளைத் துறைமுகத்துப் பக்கம் திருப்பினான். திங்கட்கிழமை கார் நின்ற இடத்திலேயே நின்றது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே, மேலே வாகைப்பூ கொட்டிக் கிடந்தது. புதன்கிழமை கராஜ் பூட்டு. வியாழக்கிழமை உள்ளே போய், "பழைய லைனிங்கை ஒருக்காப் பாக்கலாமோ நானா?" என்று கேட்டான்.

"அதை எறிஞ்சாச்சே தம்பி. அது என்னத்துக்கு உங்களுக்கு?"

எறிஞ்சாச்சு. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். சில்லுகளைக் குனிந்து பார்க்கலாம் என்றால் மெக்கானிக் காரைச் சுவருக்கும் இன்னொரு காருக்கும் நடுவில் நெருக்கி விட்டிருந்தான். பாக்கியரத்தினம் வீடு வந்து சேரும்வரை வாய்க்குள் பேசிக்கொண்டே சைக்கிள் மிதித்தான்.

வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்கு மொறிஸ் சாம்பல்தீவுக்கு வந்துவிட்டது. அபூதாஹிரே ஓட்டி வந்தார். ஜும்ஆவுக்கு உடுத்த வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்டு, அத்தர் வாசம். குணேஸ்வரி கதிரை கொண்டுவந்து போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். பாக்கியரத்தினம் காரைச் சுற்றி வந்தான்.

பொட்டு இருந்தது. முன் சில்லு இரண்டிலும் இருந்தது. பின் சில்லு இரண்டிலும் இருந்தது. வால்வுக்கு நேரே, வைத்தது வைத்தபடி. பின்பக்கத்து இடது சில்லில் மட்டும் பொட்டு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது, வெயிலுக்கு எண்ணெய் பரவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அவனுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கோபத்தைவிடப் பெரிய ஆறுதல் ஒன்றும் உள்ளே இருந்தது. இந்த முறையாவது ஏமாறவில்லை என்ற ஆறுதல்.

"நானா, நீங்க சில்லொண்டையும் கழட்டேல்லை," என்றான்.

அபூதாஹிர் தேத்தண்ணிக் கோப்பையை இறக்கினார். "கழட்டினன் தம்பி."

"பொய் சொல்லாதேங்கோ. எனக்குத் தெரியும். இந்த மனிசி ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். இன்னொருத்தன்ர வாய்ப்பேச்சை நம்பித்தான் பறிகொடுத்தவள். உங்களுக்கு இது வியாபாரம். எனக்கு இது இரண்டு உயிர்."

வேலிக்கு அப்பால் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அபூதாஹிர் எழுந்து போய்க் காரின் பின்மூடியைத் திறந்து காரைத் தூக்குகிற ஜக்கையும் ஸ்பனரையும் எடுத்தார். "எந்தச் சில்லெண்டு நீங்களே சொல்லுங்க," என்றார்.

பாக்கியரத்தினம் பின்பக்கத்து இடது சில்லைக் காட்டினான்.

அந்த வெள்ளைச் சாரத்தோடு அவர் மணலில் முழங்கால் போட்டார். சாரத்தை மடித்துக்கூடக் கட்டவில்லை. நட்டுகளை இளக்கி, ஜக்கைச் சுழற்றி, சில்லை இழுத்து எடுத்து வேலியில் சாத்தினார். இரண்டு திருகாணியைக் கழற்றி இரும்பு மூடியைத் தட்டி எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

உள்ளே லைனிங் புத்தம் புதிதாக இருந்தது. தடிப்பாக இருந்தது. அதில் அடித்திருந்த செப்பு ஆணிகள் மினுங்கின. ஒன்றும் தெரியாதவனுக்கும் தெரிகிற புதிது அது.

"மத்த மூணையும் கழட்டவா?" என்று கேட்டார் அபூதாஹிர்.

பாக்கியரத்தினம் கழற்றி வைத்த நட்டுகளைப் பார்த்து, "அப்ப அந்தப் பொட்டு?" என்றான். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டான்.

"பொட்டோ? அது ஸ்பனர் போட்ட உடனே அழிஞ்சி போச்சு தம்பி. மெக்கானிக் பொடியன் தொடைச்சிப் போட்டுப் பூட்டுவம் எண்டான். நான் விடல்ல. புள்ளைத்தாச்சி ஏறப்போற வாகனம், அவங்க கும்புட்டு வச்சதை நாம அழிச்சிக் குடுக்கிறதா எண்டு ஏசினன். கழட்ட முந்தி எந்த நட்டெண்டு சோக்குக் கட்டியால அடையாளம் போட்டு வச்சன். எங்கட பக்கத்து ஊட்டுத் தமிழ் அக்காக்கிட்ட உங்கட ஆக்கள் எப்பிடிக் குழைக்கிறதெண்டு கேட்டு, அவ குழைச்சித் தந்ததை நானே வச்சன். இந்தச் சில்லில விரல் கொஞ்சம் வழுக்கிப்போச்சு, அதான் பெரிசு."

சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். பாக்கியரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த ஸ்பனரைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கினதைக் காட்டிக்கொள்ளாமல் குனிந்து மூடியைப் பொருத்தி, சில்லைத் தூக்கிப் பூட்டத் தொடங்கினார். ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். மூன்று தரம் சுற்றிவந்து இறுக்கினார்.

பாக்கியரத்தினத்துக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனிதன் சொன்ன வாக்குக்கு மேலாகவே செய்து கொடுத்திருக்கிறான், அவனை நடுமுற்றத்தில் முழங்காலில் நிறுத்தியாயிற்று. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தான். எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை.

குணேஸ்வரி உள்ளே போய்க் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தாள். தேங்காயெண்ணெயும் கொண்டுவந்தாள். தான் வைக்காமல் புருஷனிடம் நீட்டினாள். "இப்ப வையுங்கோ," என்றாள்.

அவன் சிமிழை வாங்கிச் சில்லடியில் குந்தினான். உள்ளங்கையில் குழைத்தான். அம்மாளாச்சி, என்ர பிள்ளையைக் காப்பாத்து என்று அப்போதுதான் மனதில் சொன்னான். போன கிழமை அந்தச் சொல் வரவேயில்லை. கண் கலங்கி நட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து தெரிந்தன. விரல் போன இடத்தில் வைக்கப் போனான்.

"அதில்ல தம்பி," என்றார் அபூதாஹிர், சாரத்து மணலைத் தட்டிக்கொண்டே. "வால்வுக்கு நேர உள்ள நட்டு. நீங்க முதல்ல அதிலதான் வச்சீங்க."