சொல்லாமல் விட்ட காமாலை

மறுநாள் காலை எட்டு மணிக்கு என் பித்தப்பையை எடுப்பதென்று முடிவாகியிருந்தது. முந்தைய பிற்பகலில், அறுவை மருத்துவர் ஸ்ரீரஞ்சனி என் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"வேதகிரி சார், பைல கல் இருக்கறது ஸ்கேன்ல நல்லா தெரியுது. ஆனா பித்தக்குழாய் ஒரு துளி அகலமா இருக்கு. கல் கீழ எறங்கி அதுல நிக்குதோன்னு ஒரு சந்தேகம். சமீபத்துல கண்ணு மஞ்சளாச்சா? சிறுநீர் டிக்காஷன் மாதிரி போச்சா?"

"இல்லை" என்றேன்.

உத்திரமேரூரில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பாடம் நடத்தியவன். பொய் சொன்ன பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியவன். அந்தச் சொல்லை உரைத்தபோது என் குரல் சற்றும் தடுமாறவில்லை என்பதை எண்ணினால், இன்றும் எனக்கு என்மீதே சினம் மூள்கிறது.

மூன்று வாரங்களுக்கு முன் என் கண்கள் மஞ்சளாகத்தான் இருந்தன. மனைவி சுலோச்சனா என்னைப் புள்ளலூருக்கு அழைத்துச் சென்றாள். அங்கே எல்லம்மாள் என்னும் வைத்தியக்காரி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி மூன்று காலை கொடுத்தாள். உப்பில்லாத சோறு. அமாவாசை வரை மருந்துண்டதை எவரிடமும் சொல்லலாகாது. சொன்னால் மருந்து முறிந்து மஞ்சள் திரும்பிவிடும் என்பது அவள் கட்டளை. ஒரு வாரத்தில் கண்கள் வெளுத்தன. அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

சுலோச்சனா அஞ்சியது அந்தக் கட்டளைக்கு. நான் அஞ்சியது வெட்கத்துக்கு. காமாலை என்றால் இலையைத் தின்னாமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று ஊர் முழுவதும் முழங்கியவன் நானே.

"காமாலை இல்லேன்னா சரி. ரத்தமும் இப்ப நார்மல். அகலம் வயசாலயும் இருக்கலாம்" என்று மருத்துவர் எழுந்தார். "இருந்திருந்தா மொதல்ல குழாயை எம்.ஆர். ஸ்கேன்ல பாத்திருப்பேன். அங்க கல்லை விட்டுட்டுப் பையை மட்டும் எடுத்தா பின்னால அடைச்சுக்கும். சீழ் புடிச்சா உயிருக்கே ஆபத்து."

அவர் போனதும் வலி எழுந்தது. செவிலி ஊசி போட்டாள். கட்டில் மெல்ல மிதக்கத் தொடங்கியது.

திருமுக்கூடலில் இடுப்பளவு நீரில் நின்றேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சிறிதும் ஓசையின்றி வந்து கூடின. நீர் மஞ்சளாக இருந்தது, வெயிலும் மஞ்சள், நாணல்களுக்கிடையே நின்ற கொக்கும் மஞ்சள். ஏதோ ஒன்று என் பாதத்தைத் தொட்டு உருண்டது. குனிந்து எடுக்கப்போனால் ஆறு ஒரு முழம் தள்ளிப்போயிற்று. மீண்டும் குனிந்தேன், மீண்டும் தள்ளிப்போயிற்று. கரையில் என் பழைய வகுப்பு வரிசையாக அமர்ந்து என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் பொறுக்கவில்லை.

"இன்னா வாத்தியாரே, தூக்கத்துல கைய கால ஒதச்சிக்கினு கீற?" என்று சுலோச்சனா உலுக்கினாள்.

"டாக்டரக் கூப்புடு. சொல்லிடப் போறேன்."

"இன்னாத்த சொல்லப் போற? ஊருக்கெல்லாம் வாய்ப்பாடு சொன்ன வாயி, அஞ்சு நாளு மூடிக்கினு கெடக்காதா?"

"அமாவாசைக்கு நான் உயிரோட இருக்க வேணாமா?"

அவள் முகம் வெளிறியது. சற்று நேரம் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு தானே எழுந்து மருத்துவரை அழைக்கப் போனாள்.

மருத்துவர் என்னைக் கடிந்திருக்க வேண்டும். கடியவில்லை. "கல் கொஞ்சம் நகந்து வழி விட்டாலும் மஞ்சள் தானா வடியும் சார். இப்பவாவது சொன்னீங்களே" என்று கூறி, மறுநாள் அறுவையை நிறுத்தச் சொன்னார்.

ஸ்கேன் எந்திரம் என்னை விழுங்கியது. உள்ளே யாரோ தொலைவில் செம்பு தட்டுவதுபோல் ஒலி. மூச்சை அடக்கச் சொல்லும் குரல். விடச் சொல்லும் குரல். எத்தனை முறை என்று தெரியவில்லை. பின்னர்த் திரையில் எங்களுக்குக் காட்டினார்கள். கறுப்புக்குள் வெண்ணிறமாக ஓர் ஓடை வளைந்து இறங்கியது. அதன் கீழ்க்கோடியில் இரண்டு கரும்புள்ளிகள்.

"பாத்தியா? நீ சொன்னே, ரெண்டும் வந்து குந்திக்கினு கீது" என்றாள் சுலோச்சனா.

மருத்துவர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் வாய்வழியே குழாய் செலுத்தி அவ்விரண்டையும் எடுத்தனர். நான் கண்விழித்தபோது சுலோச்சனா ஈரத்துணியால் என் உதடுகளை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டாங்களாம். பைய நாளன்னைக்கி எடுப்பாங்களாம்."

"சொன்னது நல்லதுன்னு இப்பவாவது நம்பறியா?"

"நீதான் வாய தொறந்தே, நா தொறக்கல" என்று குரலைத் தாழ்த்தினாள். "யாராச்சும் கேட்டா அமாவாசை வரைக்கும் நா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். வூட்ல ஒர்த்தராவது எல்லம்மா சொன்னத காப்பாத்தணும்ல?"

மறுத்துப் பேச எண்ணினேன். அவள் விரல்கள் என் இமையை விலக்கி, வெள்ளை விழியை நெடுநேரம் ஆராய்ந்துகொண்டிருந்தன. நான் அசையாமல் கிடந்தேன்.